இருநூறு புள்ளிகள்

ஒரு சின்னக் கற்பனை. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், நீங்கள் ஒரு பட்டறை வைத்திருக்கிறீர்கள். அல்லது திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையில். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின். கடனை உடனை வாங்கி, செகண்ட் ஹேண்டில் ஒரு சி.என்.சி. மில்லிங் மெஷினையும் இறக்கிவிட்டீர்கள். வாசலில் எலுமிச்சம்பழம் கட்டி, பூசணிக்காய் உடைத்தாயிற்று.

இப்போதுதான் பிரச்னை. கம்பெனிக்காரன் டிராயிங்கை இ-மெயிலில் அனுப்புகிறான். அதைத் திறக்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். அதிலிருந்து மெஷினுக்குக் கட்டளை எழுத இன்னொன்று. மெஷினை ஓட்ட வேறொன்று. விலையைக் கேட்டால், வாங்கிய மெஷினையே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று தோன்றுகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு தம்பி, பென் டிரைவோடு வருகிறான். ‘‘அண்ணே, கிராக் பண்ணின சாஃப்ட்வேர். எல்லாரும் இதைத்தான் போட்டிருக்காங்க!’’

தம்பிக்குப் பதில் சொல்வதற்கு முன் இரண்டு விஷயங்கள். ஒன்று, சட்டம். 1994-ல் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 63-பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். திருட்டு சாஃப்ட்வேர் என்று தெரிந்தே தொழிலில் பயன்படுத்தினால் குறைந்தபட்சம் 7 நாள், அதிகபட்சம் 3 வருடம் ஜெயில். அபராதம் 50 ஆயிரத்திலிருந்து 2 லட்சம் வரை. ‘எல்லாரும் போட்டிருக்காங்க’ என்பது கோர்ட்டில் எடுபடாது.

இரண்டாவது, சரித்திரம். நான் பி.காம். படித்தவன். லேத்துக்கும் மில்லிங்குக்கும் வித்தியாசம் தெரியவே வெகுநாள் ஆயிற்று. ஆனால், இந்த சி.என்.சி.யின் கதையைத் தோண்டிப் பார்த்தபோது ஒரு விஷயம் புரிந்தது. இது பெரிய கம்பெனிகளுக்காகப் பெரிய கம்பெனிகள் கண்டுபிடித்த சமாசாரம் இல்லை. ஆரம்பித்து வைத்தவரும் நம்மைப்போல் ‘ஆர்டர் எடுத்துச் செய்கிற’ ஆசாமிதான்!

பெயர், ஜான் பார்ஸன்ஸ். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டிராவர்ஸ் சிட்டி என்ற சின்ன ஊர். அப்பாவின் கம்பெனியில் வேலை. காலேஜ் டிகிரி கிடையாது. 1940-களில் அவர்களுக்கு ஹெலிகாப்டர் இறக்கை செய்கிற ஆர்டர் கிடைத்தது. இறக்கையின் வளைவு சரியாக இருக்க, ஓர் அச்சுத் தகடு வேண்டும். வளைவைக் கையால் வரைந்து, வெட்டி, அரத்தால் ராவுவதுதான் அன்றைய வழக்கம். பார்ஸன்ஸும் அவருடைய இன்ஜினீயர் ஃபிராங்க் ஸ்டூலனும் வேறு மாதிரி யோசித்தார்கள். வளைவின்மேல் 200 புள்ளிகள். ஒவ்வொன்றும் எந்த இடத்தில் வரவேண்டும் என்று, கணக்கு ஆபீஸ்களில் துளை போட்ட அட்டையை வைத்து ஓடும் ஐ.பி.எம். மெஷினில் கணக்குப் போட்டார்கள். சம்பளப் பட்டியல் போடுகிற மெஷினை இறக்கைக்குத் திருப்பினார்கள்!

அப்புறம்? ஒருவர் எண்களை உரக்க வாசிப்பார். ஒருவர் இந்தக் கைப்பிடியைத் திருகுவார். இன்னொருவர் அந்தக் கைப்பிடியை. டூல் இறங்கி ஒரு புள்ளியைக் குடையும். அடுத்த எண். இன்றைய சி.என்.சி. மெஷினுக்குள் நடப்பதும் இதேதான். வாசிக்கிறவரும் திருகுகிற இருவரும் மட்டும் பெட்டிக்குள் போய்விட்டார்கள்.

1949-ல் அமெரிக்க விமானப்படை பார்ஸன்ஸுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. கைப்பிடியைத் தானாகத் திருக வைக்கிற வேலைக்கு அவர் எம்.ஐ.டி. என்ற பெரிய பல்கலைக்கழகத்தைத் துணைக்கு அழைத்தார். கூடாரத்துக்குள் ஒட்டகம் நுழைந்த கதைதான். கொஞ்ச நாளில் விமானப்படையும் எம்.ஐ.டி.யும் நேரடியாகக் கை குலுக்கிக்கொள்ள, பார்ஸன்ஸ் வெளியே! 1952 செப்டம்பரில் எம்.ஐ.டி. தன் மெஷினை உலகத்துக்குக் காட்டியது. அதன் கன்ட்ரோல் பெட்டியில் மட்டும் 292 வால்வுகள். சின்னப் பட்டறைக்காரன் அதை ஏக்கத்தோடு பார்க்கக்கூட முடியாது.

பார்ஸன்ஸ் சும்மா இருக்கவில்லை. அதே 1952-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1958-ல் அது அவர் பெயருக்கே கிடைத்தது. 1985-ல் அவருக்கும் ஸ்டூலனுக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம்.

அடுத்த சிக்கல், மொழி. மெஷினுக்குப் புரியும்படி யார் எழுதுவது? எம்.ஐ.டி.யில் டக்ளஸ் ராஸ் தலைமையில், விமானப்படைப் பணத்தில், ஏ.பி.டி. என்றொரு மொழி உருவானது. 1959 பிப்ரவரியில் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு அறிவித்தார்கள். வந்தவர்களுக்கு என்ன பரிசு தெரியுமா? அந்த மொழியில் எழுதி, அலுமினியத்தில் குடைந்த சிகரெட் ஆஷ்ட்ரே! பின்னர் மெஷின்களுக்கான ‘ஜி கோடு’ பொது வழக்கானது. 1982-ல் அதற்கு ஐ.எஸ்.ஓ. முத்திரையும் விழுந்தது. ஜி-01 என்றால் நேர்கோட்டில் வெட்டு, ஜி-02 என்றால் வளைந்து வெட்டு. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் வட்டார வழக்கு உண்டு, மதுரைத் தமிழும் கோவைத் தமிழும் மாதிரி. ஆனால், அடிப்படை ஒன்றுதான்.

அதே 1982-ல்தான் சாதாரண மேஜைக் கம்ப்யூட்டரில் டிராயிங் போட ‘ஆட்டோகேட்’ வந்தது. விலை சுமார் ஆயிரம் டாலர். அதுவரை இந்த வேலைக்கு இருந்த ராட்சத மெஷின்களோடு ஒப்பிட்டால் கொள்ளை மலிவு. கதவு திறந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

கதவுக்குச் சொந்தக்காரர் வேறு ஆள் என்பது பிறகுதான் உறைத்தது. 2016-லிருந்து ‘ஒரு தடவை வாங்கு, ஆயுசுக்கும் வைத்துக்கொள்’ என்கிற விற்பனையை அந்தக் கம்பெனி புதிதாக வருகிறவர்களுக்கு நிறுத்திவிட்டது. இனி வாடகைதான். அதே கம்பெனியின் ‘ஃபியூஷன் 360’ சொந்த உபயோகத்துக்கு இலவசம் என்று நிறைய பேர் பழகினார்கள். 2020 அக்டோபரில் இலவசப் பதிப்பிலிருந்து பல வசதிகளை உருவினார்கள். ஒரே ஓட்டத்தில் டூலை மாற்றி அடுத்த டூல் எடுக்கும் வசதி போச்சு. டூல் வெட்டாமல் நகரும்போது வேகமாக ஓடுவது போச்சு. தப்பு என்று சொல்ல மாட்டேன், அது அவர்கள் சரக்கு. ஆனால், அடுத்தவன் வீட்டுத் திண்ணை எவ்வளவு சுகமாக இருந்தாலும் அது திண்ணைதான்.

இதற்கிடையே, சத்தமில்லாமல் ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. 1990-களில் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான ‘நிஸ்ட்’, ஒவ்வொரு கம்பெனியின் கன்ட்ரோலரும் மூடிய பெட்டியாக இருப்பதைப் பார்த்தது. சாதாரண கம்ப்யூட்டரிலேயே மெஷினை ஓட்டும் ஒரு சாஃப்ட்வேரை எழுதியது. பெயர் இ.எம்.சி. அரசாங்கம் எழுதியது என்பதால் உரிமைத் தொல்லை இல்லை, எல்லோருக்கும் பொது. தன்னார்வலர்கள் அதை எடுத்து வளர்த்தார்கள். ‘லினக்ஸ் சி.என்.சி.’ என்ற பெயரில் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. டிராயிங் பக்கமும் அப்படியே. 2002-ல் ஜெர்மனியின் யூர்கன் ரீகல் தொடங்கிய ‘ஃப்ரீகேட்’, 22 வருடம் பொறுமையாக வளர்ந்து 2024 நவம்பரில்தான் 1.0 என்று நம்பர் போட்டுக்கொண்டது!

‘லினக்ஸா? அதெல்லாம் நமக்கு வருமா?’ என்கிறீர்களா. 2007 வாக்கிலேயே நம் எல்காட் நிறுவனம் தன் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. பாஸ் லினக்ஸ், லினக்ஸ் சி.என்.சி. இரண்டுக்கும் அடிப்படை ‘டெபியன்’ என்கிற ஒரே குடும்பம்தான். அந்த லேப்டாப் வாங்கிய பையன்கள்தான் இன்று பட்டறைகளில் ஆபரேட்டர் வயதில் இருக்கிறார்கள்.

சரி, கும்மிடிப்பூண்டிக்குத் திரும்புவோம். எதை வாங்குவது?

உங்கள் மெஷினில் ஃபானுக், சீமென்ஸ் மாதிரி கன்ட்ரோலர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது டிராயிங்கும், அதை ஜி கோடாக மாற்றுவதும்தான். தட்டையான பிளேட், துளை, குழி மாதிரி வேலைக்கு ஃப்ரீகேட் தாங்கும். ஆனால், உங்கள் கன்ட்ரோலரின் ‘வட்டார வழக்கு’க்கு ஏற்ற போஸ்ட் பிராசஸர் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கன்ட்ரோலர் செத்துப்போன பழைய மெஷினா, சொந்தமாகக் கட்டிய ரூட்டரா? லினக்ஸ் சி.என்.சி. பக்கம் போகலாம். அதிலேயே ‘லேட்டன்ஸி டெஸ்ட்’ என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் எவ்வளவு வேகம் என்று அது பார்ப்பதில்லை, தாளம் தப்பாமல் இருக்கிறதா என்று பார்க்கும். புது லேப்டாப் இதில் கோட்டை விடலாம், ரிச்சி தெருப் பழைய டெஸ்க்டாப் பாஸாகிவிடலாம். ஒரே கண்டிப்பு, எமர்ஜென்ஸி ஸ்விட்ச். அமுக்கினால் கம்ப்யூட்டரைக் கேட்டுக்கொண்டிருக்காமல் மோட்டார் கரன்ட்டையே வெட்ட வேண்டும். விரல் போனால் எந்த சாஃப்ட்வேரும் திருப்பித் தராது. முதல் ஓட்டம் காற்றில், அடுத்தது தெர்மகோலில், அப்புறம்தான் இரும்பு.

அச்சு வேலை, ஐந்து அச்சில் சுழல்கிற வேலை என்றால் காசு கொடுத்து வாங்குங்கள். பி.காம். கணக்கு ஒன்று சொல்கிறேன். வருட வாடகையைப் பன்னிரண்டால் வகுங்கள். அந்த சாஃப்ட்வேர் இல்லாமல் எடுக்க முடியாத ஆர்டர்களில், மாதம் நிற்கும் லாபத்தை அதன் பக்கத்தில் எழுதுங்கள். லாபம் பெரிதாக இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் அது கௌரவச் செலவு. இலவசத்துக்கும் ஒரு விலை உண்டு. கற்றுக்கொள்ள ஆகும் நாட்கள். அந்த நாட்களின் கூலியையும் கணக்கில் எழுதுங்கள்.

எதை எடுத்தாலும் ஒரு காரியம் மட்டும் மறக்க வேண்டாம். டிராயிங்கை ‘ஸ்டெப்’, ‘டி.எக்ஸ்.எஃப்.’ என்ற பொது வடிவத்திலும், கூடவே ஜி கோடையும், தனியாக ஒரு காப்பி எடுத்து வையுங்கள். நாளைக்கு சாஃப்ட்வேர்க்காரன் வாடகையை ஏற்றினாலும், கடையையே மூடினாலும், உங்கள் வேலை உங்கள் கையில் இருக்கும்.

பார்ஸன்ஸிடமிருந்து ஒப்பந்தத்தைப் பறிக்க முடிந்தது. அவர் கணக்குப் போட்ட 200 புள்ளிகளும், பதிந்து வைத்த உரிமையும் அவரிடமே இருந்தன. பென் டிரைவ் தம்பியிடம் இந்தக் கதையைச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார வையுங்கள். கிராக் போடத் தெரிந்தவனுக்கு ஃப்ரீகேட் கற்றுக்கொள்ளத் தெரியாதா என்ன?