பாரதியார் கண்ட ஜப்பானியக் கவிதை

சாத்தூரிலிருந்து கோவில்பட்டி வழியாக எட்டயபுரம் அதிகத் தொலைவன்று. 1882-இல் அவ்வூரில் பிறந்த பாரதியாரை விடுதலைக் கவிஞராகவே நாம் போற்றி வருகிறோம். ஜப்பானியக் கவிதையைத் தமிழருக்கு முதன்முதலாக அறிமுகம் செய்தவரும் அவரே என்பதை நம்மில் பலர் அறியார்.

ஜப்பான் நம்மவரிடம் முதலில் வந்தது போர்ச் செய்தியாகவே. 1904 இறுதியில் பாரதியார் 'சுதேசமித்திரன்' இதழில் மொழிபெயர்ப்புப் பணியில் சேர்ந்தபோது ரஷ்ய-ஜப்பானியப் போர் நடந்துகொண்டிருந்தது. 1905 மே மாதம் சுஷிமா கடற்போரில் ரஷ்யக் கப்பற்படை அழிந்தது. ஆசிய நாடொன்று ஐரோப்பிய வல்லரசை வென்றது கண்டு, அடிமைப்பட்டிருந்த இந்தியா தலைநிமிர்ந்தது. (அக்காலத்தில் ஜப்பானியத் தீப்பெட்டியும் இந்தியச் சந்தையில் விற்றது, நம் வட்டாரத்தில் அத்தொழில் வேரூன்றியது 1920-களில்தான்.)

ஆனால் வென்ற நாட்டின் உள்ளே நிலைமை வேறு. 1910-இல் ஜப்பான் கொரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. பேரரசரைக் கொல்லச் சதி செய்தனர் என்று கூறி, எழுத்தாளர் கோதொகு ஷூசுய் உட்படப் பன்னிருவரை 1911 ஜனவரியில் தூக்கிலிட்டது. இளங்கவிஞர் இஷிகாவா தகுபொகு அவ்வழக்கின் ஆவணங்களைத் தேடிப் படித்தார். காலம் அடைபட்டுக் கிடக்கிறது என்று நொந்து ஒரு கட்டுரை எழுதினார். அது அச்சேறுமுன்பே, 1912-இல், தம் 26-ஆம் வயதில் காசநோயால் இறந்தார். அதே 1911-இல்தான், சாத்தூர் வழியே தெற்கே செல்லும் இருப்புப்பாதையில், மணியாச்சி நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். புதுச்சேரியில் தஞ்சம் புகுந்திருந்த பாரதியார்மீது போலீஸ் கண்காணிப்பு இறுகியது.

அந்த நெருக்கடிக்கு நடுவே, 1916-இல், அவர் 'சுதேசமித்திரனில்' ஜப்பானியக் கவிதை பற்றி எழுதினார். கல்கத்தாவின் 'மாடர்ன் ரிவியூ' இதழில் ஜப்பானியக் கவிஞர் யோனே நொகுச்சி எழுதியதைப் படித்ததே அதற்குத் தூண்டுதல். ஹொக்கு எனும் சிறுபாடலின் சொற்சிக்கனம் அவரைக் கவர்ந்தது. குறளைப் படித்து வளர்ந்தவருக்கு இது வியப்பன்று. வியப்பு யாதெனில், ஜப்பானின் வெற்றியைப் பலர் இன்னும் வியந்துகொண்டிருக்க, அதன் மிகச்சிறிய பாட்டை அவர் தேடிச் சென்றதே.

அதே 1916-இல் தாகூர் ஜப்பான் சென்று, மேலைநாட்டுத் தேசிய வெறியைப் பின்பற்ற வேண்டாமென்று அந்நாட்டாரை எச்சரித்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது ஏளனமே மிகுதி.

1938-இல் அந்த நொகுச்சியே தாகூருக்குக் கடிதம் எழுதினார். சீனாவில் ஜப்பான் நடத்தும் போர் ஆசியாவின் நன்மைக்கே என்று வாதிட்டார். சொல்லை அளந்து செலவிடும் கவிதையைப் பிறருக்கு விளக்கியவரே இவ்வாறு எழுதியது நமக்குத் துயரமளிக்கிறது. 1921-லேயே மறைந்துவிட்ட பாரதியார் இதைக் காணவில்லை. தாகூர் நட்பை மறவாமல், எனினும் கடுமையாகவே, மறுமொழி எழுதினார். தாம் நேசிக்கும் ஜப்பானிய மக்களுக்கு வெற்றியை அன்று, மனம் வருந்தும் வரத்தையே தாம் விரும்புவதாக அதில் அவர் குறித்தார்.