முதல்வனுக்கும் மேலே!

யார் முதல், யார் கடை? இதை வகுத்துரைப்பதிலே தனிப் பெருமை கொண்டிருந்தது இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகம். 18-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே கணிதத் தேர்வில் சிறப்புப் பெற்றோரைத் தகுதி வரிசைப்படி பட்டியலிட்டது. முதலிடத்தான் ‘சீனியர் ராங்ளர்’; நாடே அவன் பெயரை ஏடுகளிலே படித்தது. கடைசி இடத்தானுக்கோ பெரியதொரு மரக்கரண்டி! பட்டமளிப்பு மன்றத்து மாடத்திலிருந்து கயிற்றிலே கட்டி இறக்குவர் சக மாணவர். கலைமகள் கொலுவீற்றிருந்த கூடமாம் அது!

பல நாள் நீளும் இறுதித் தேர்வு. அதன் மதிப்பெண்ணே எல்லாம். ஆகவே, தேர்வுக்கென்றே பழக்கும் தனி ஆசான்கள் தோன்றினர். எட்வர்டு ரூத் என்பார் ஒருவரே இருபத்தைந்துக்கு மேற்பட்ட முதல்வர்களை உருவாக்கினார். 1854-இல் அவரே முதல்வர். அடுத்த இடத்தில் நின்றவர் யார் தெரியுமா? ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்! மின்சாரத்தையும் காந்தத்தையும் ஒளியையும் ஒரே கோட்பாட்டிலே பிணைத்த மேதை. ரூத் சிறந்த கணித அறிஞர்தாம், மறுக்கவில்லை. ஆயினும், விடைத்தாள் திருத்தும் ஆசிரியன் என்ற முறையிலே சொல்கிறேன்: விரைந்து விடை எழுதும் திறனை அளந்தது அத்தேர்வு, புதியது காணும் ஆற்றலை அளக்க அதனிடம் கோல் இல்லை.

இது ஆடவர் கதை. பெண்டிர்? 1881 வரை முறைப்படி தேர்வெழுதவே அவர்க்கு உரிமை இல்லை. பிறகு எழுதலாம், ஆனால் வரிசையில் இடமில்லை, பட்டமும் இல்லை! ஆடவர் பட்டியலைப் படித்து முடித்தபின், இன்னாருக்கும் இன்னாருக்கும் இடைப்பட்டவர் இவர் என்று தனியே அறிவிப்பர். கணிதம் பெண்ணின் மூளைக்கு ஒவ்வாது என்று கதைத்தவர்கள் பாமரர் அல்லர், கற்றறிந்தோர்!

1890 சூன் 7. நியூனம் கல்லூரி மாணவி பிலிப்பா பாசெட்டின் முறை வந்தது. பெண்டிர் வாக்குரிமைக்குப் போராடிய மில்லிசென்ட் பாசெட்டின் மகள் அவர். “சீனியர் ராங்ளருக்கு மேலே” என்று அறிவித்தனர். ஆரவாரத்தில் அதிர்ந்தது மன்றம். அடுத்தவரைவிட ஏறத்தாழ 13 விழுக்காடு மிகுதியாகப் பெற்றிருந்தார். ஆனாலும் முதல்வன் என்னும் பெயர் ஆடவனுக்கே! ஒன்றுக்கு முன்னால் ஓர் எண்ணைக் கண்டும், ஒன்றையே முதல் என்றது கணிதக் கோயில்.

வரிசை முறைக்கு எதிர்ப்பு உள்ளிருந்தே எழுந்தது. 1898-இல் நான்காமிடம் பெற்ற ஹார்டி அதனைக் கடிந்தார். 1909-ஆம் ஆண்டோடு தகுதி வரிசையும் மரக்கரண்டியும் மறைந்தன. கல்லூரியிலே பிற பாடங்களில் தவறிப் பட்டமின்றி நின்ற நம் இராமானுசன் 1914-இல் கேம்பிரிட்ஜ் செல்ல வழிசெய்தவரும் இந்த ஹார்டிதான்.

பெண்டிருக்குப் பட்டம் வழங்கலாமா என்று 1897-இல் வாக்கெடுத்தனர், பெருவாரியாகத் தோற்றது. 1948-இலேதான் கேம்பிரிட்ஜ் இணங்கிற்று. அதே ஆண்டு சூன் திங்களில், எண்பதாம் வயதில், பிலிப்பா பாசெட் மறைந்தார்.