வில்லாளியின் வீங்கிய கை

சென்ற கோடை விடுமுறைக்கு என் தமையனார் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கல்லூரியில் படிக்கிறவன். அவனும் தோழர்கள் நால்வரும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுவார்கள். ஆளுக்கொரு வீரனின் வேஷம். ஒருவன் கதை சொல்வான். சண்டை வந்தால் பகடை உருட்டி முடிவு காண்பார்கள். எந்த வீரனுக்கு என்ன வித்தை தெரியும், அதற்கு எத்தனை புள்ளி என்று எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகமும் உண்டு.

ஒரு நாள் அந்த நோட்டுடன் என்னிடம் வந்தான்.

"சித்தப்பா, எனக்கு ஜப்பானிய வில்லாளி வேஷம். கண்ணை மூடிக்கொண்டு குறி தவறாமல் அடிக்கிற சக்தியை அவனுக்குக் கொடுக்கலாமா? அவர்களுக்கு வில்வித்தை என்பது தியானம்தானே?"

"யார் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்கிறார்கள்."

சரித்திரக் கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த 'எல்லாரும்' என்கிற ஆசாமியிடம் கொஞ்சம் பயம் உண்டு. என் கதாநாயகர்களில் பலரை எனக்குக் கொடுத்தவரே அவர்தான். ஆகவே பையனை உட்காரச் சொல்லி, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

சாமுராய் என்றதும் நமக்கு வாள்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஆதியில் அந்த வீரர்களின் தர்மத்துக்கு 'வில்லும் குதிரையும் செல்லும் வழி' என்றே பெயர். வில்லும் சாமானியமானது அல்ல. ஆளை விட உயரம், ஏறக்குறைய 2.2 மீட்டர். பிடி நடுவில் இராது. கீழேயிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும். குதிரை மேலிருந்து எய்ய வசதியாக அப்படிச் செய்தார்கள் என்று பலர் விளக்கம் சொல்வதுண்டு. ஆனால் 3-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சீனச் சரித்திர நூல் ஒன்று, ஜப்பானியரின் வில் மேலே நீண்டும் கீழே குறுகியும் இருப்பதாகச் சொல்கிறது. அந்நாட்டில் குதிரையே கிடையாது என்றும் அதே நூல் சொல்கிறது! 'எல்லாரும்' சொல்வதை நம்பினால் இப்படித்தான் ஆகும்.

வில்லாளிகளில் மிகவும் புகழ் பெற்றவன் நாசு நோ யோய்ச்சி. 1185-ஆம் ஆண்டு யாஷிமாவில் நடந்த போர். பகைவர்கள் படகொன்றில் கம்பு நட்டு, அதன் நுனியில் ஒரு விசிறியைக் கட்டி, முடிந்தால் அடியுங்கள் என்று சவால் விட்டார்கள். யோய்ச்சி குதிரையைக் கடலுக்குள் செலுத்தி, ஒரே அம்பில் விசிறியை வீழ்த்தினான். இரு தரப்பாரும் ஆரவாரம் செய்தார்கள். படம் எழுதுகிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். 'ஹெய்க்கே மோனோகதாரி' என்னும் போர்க் காவியம் நிறுத்தவில்லை. பகைவரின் படகில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் அந்தத் திறமையை மெச்சி எழுந்து ஆடினானாம். அவனையும் அடி என்று கட்டளை பிறந்தது. யோய்ச்சி அடித்தான், ஆடியவன் செத்து விழுந்தான். இதில் தியானம் எங்கே இருக்கிறது? வில் அப்போது கொலைக் கருவி. அவ்வளவுதான்.

1543-இல் போர்த்துகீசியர் தானெகஷிமா தீவுக்குத் துப்பாக்கியைக் கொண்டுவந்தார்கள். சில தலைமுறைக்குள் போர்க்களத்தில் வில்லின் பெருமை குன்றியது. 1600-க்குப் பிறகு நாட்டில் அமைதியும் வந்தது. வேலை போன வில்லாளி என்ன செய்வான்? கணக்கு எண்ணத் தொடங்கினான்.

கியோட்டோ நகரில் சஞ்சூசங்கெந்தோ என்ற பௌத்த ஆலயம் இருக்கிறது. 1164-இல் கட்டி, 1249-இல் தீக்கிரையாகி, 1266-இல் மீண்டும் எழுந்தது. உள்ளே அவலோகிதேசுவரரின் திருவுருவங்கள் 1001. வெளியே, மேற்குப் புறத்தில், சுமார் 120 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரம். அதன் ஒரு கோடியில் உட்கார்ந்து, கூரையிலும் தூணிலும் படாமல் மறு கோடிக்கு அம்பு விட வேண்டும். 1606-இல் அசவோகா ஹெய்பெய் என்பவன் 100 அம்பு விட்டு 51-ஐச் சேர்த்தான். அதன் பின் போட்டி வளர்ந்து, ஒரு பகல் ஓர் இரவுக்குள் எத்தனை அம்பு என்று ஆயிற்று. 1669-இல் ஓவாரி நாட்டு ஹோஷினோ கன்சயெமோன் 10,542 அம்பு விட்டு 8,000-ஐச் சேர்த்தான். 1686-இல் கிஷூ நாட்டு வாசா தைஹாச்சிரோ 13,053 அம்பு விட்டு 8,133-ஐச் சேர்த்தான். இன்றுவரை அதை மிஞ்சியவர் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆறேழு வினாடிக்கு ஓர் அம்பு, விடிய விடிய!

இதைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. பாதியில் தைஹாச்சிரோவின் கை வீங்கி, அம்புகள் தவறத் தொடங்கினவாம். கூட்டத்திலிருந்து ஒரு சாமுராய் வந்து, சிறு கத்தியால் அவன் கையைக் கீறிக் கெட்ட இரத்தத்தை வெளியேற்றினான். கை லேசாயிற்று, வெற்றியும் கிட்டியது. வந்தவன் யார்? எந்தக் கணக்கை முறியடிக்க அந்த இளைஞன் பாடுபட்டானோ அந்தக் கணக்குக்கு உரிய கன்சயெமோன்தான்! நடந்ததோ, பிற்காலத்தார் கட்டியதோ. ஆனால் வீங்கிய கையைக் கண்டிராதவர் இந்தக் கதையைக் கட்டியிருக்க முடியாது.

"அப்படியானால் தியானம் எங்கிருந்து வந்தது, சித்தப்பா?"

நல்ல கேள்வி. ஒய்கன் ஹெரிகெல் என்ற ஜெர்மானியத் தத்துவப் பேராசிரியர் 1924 முதல் 1929 வரை செந்தாய் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, ஆவா கென்சோ என்ற ஆசானிடம் வில் பயின்றார். 1948-இல் அவர் வெளியிட்ட சிறு நூல் வில்லையும் ஜென் ஞானத்தையும் உலகத்தார் மனத்தில் முடிச்சுப் போட்டுவிட்டது. இருட்டில் ஆசான் விட்ட முதல் அம்பு இலக்கின் நடுவில் தைத்ததாம். இரண்டாவது அம்பு முதல் அம்பையே பிளந்ததாம். அந்த இரவு அவ்விருவருக்கும் இடையே மொழிபெயர்க்க யாரும் இல்லை. அது தற்செயலாக நேர்ந்தது என்று ஆசானே பின்னால் ஒரு சீடரிடம் சொல்லியிருக்கிறார். யமதா ஷோஜி என்ற ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2001-இல் இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டியதோடு, ஆவா முறையாக ஜென் பயின்றவரே அல்ல என்றும் எழுதினார்.

ஹெரிகெல் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. தேடிப் போனதையே அவர் கண்டார். நாங்கள் கதாசிரியர்களும் அப்படித்தான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தொடர்கதையில், என் வில்லாளி ஒருவனை இரவு முழுவதும் கோட்டை வாயிலில் நிறுத்தி அம்பு மாரி பொழிய வைத்தேன். பொழுது விடிந்ததும் அவன் புன்னகையோடு காதலிக்குப் பூப்பறித்துக் கொடுத்தான். அவனுடைய விரல்கள் மடங்கியிருக்குமா என்று நானும் யோசிக்கவில்லை, வாசகர்களும் கேட்கவில்லை.

"சரி, என் வில்லாளிக்கு என்னதான் கொடுப்பது?" என்றான் பையன்.

"முதலில் கைவலியைக் கொடு. மற்றதெல்லாம் பிறகு."

அவனுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் சாயங்காலம் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். 'நூறு அம்புக்கு மேல் போனால் கை வீங்கும். பக்கத்தில் இருப்பவன் உதவினால்தான் மேலே எய்யலாம்' என்று எழுதியிருந்தான்.

அந்தத் தொடர்கதை மறுபதிப்புக்கு வரும்போது நானும் அந்தப் பூவை எடுத்துவிடப் போகிறேன்.