தண்ணீரூற்று: பெயரும் வரலாறும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் ஊர்ப்பெயர்கள் பல நீரைச் சுட்டி எழுந்தவை. மாங்குளம், புளியங்குளம், தண்ணிமுறிப்பு என்பன அதற்குச் சான்றாகும். முல்லைத்தீவு மாவட்டத்தில் முள்ளியவளையை அடுத்துள்ள தண்ணீரூற்று என்னும் சிற்றூரோ நிலத்தடியிலிருந்து சுரக்கும் ஊற்றால் பெயர் பெற்றது.

அப்பெயரின் அருமையை உணர அந்நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். தென்மேற்கு இலங்கையின் சிங்கராசக் காடு ஆண்டு முழுவதும் மழை பெறுவது. வன்னிக் காடோ வடகீழ்ப் பருவமழையையே பெரிதும் நம்பியது. மாரி கழிந்தபின் நெடுங்கோடை தொடரும். பாலை, வீரை, முதிரை, கருங்காலி முதலிய மரங்கள் அவ்வறட்சியைத் தாங்கி நிற்பன. மக்கள் மாரிநீரைக் குளங்களில் தேக்கியே வேளாண்மை செய்தனர். அத்தகைய நிலத்தில் ஊற்று ஓர் ஊரையே நிலைபெறச் செய்ததில் வியப்பில்லை. ஊற்றங்கரைப் பிள்ளையார் கோயிலின் பெயரும் அதனையே நினைவூட்டுகின்றது.

இங்குச் சைவரும் முஸ்லிம்களும் அயலயலாக வாழ்ந்து வந்தனர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, தண்ணீரூற்று முஸ்லிம்களும் தம் வீடுவாசல்களை இழந்தனர். இறுதிப்போர் நெருங்கிய 2008 – 2009 காலப்பகுதியில் ஏனையோரும் ஊரைவிட்டு இடம்பெயர நேர்ந்தது. போர் முடிந்தபின் இருசாராரும் மீண்டு வரலாயினர். எனினும் இரண்டு தசாப்தங்கள் புத்தளம் முதலிய இடங்களில் வேரூன்றிவிட்டோர்க்கு மீள்குடியேற்றம் எளிதாக அமையவில்லை.

காடும் குளமும் கண்டு மகிழ இவ்வூருக்கு வருவோர், ஊற்றை நாடிக் குடியிருந்து, அதனைப் பிரிந்து, மீண்டும் அதனிடம் வந்த மக்களின் வரலாற்றையும் அறிந்து செல்லுதல் தகும்.