லாப ஈவுப் பங்குகள், மலேசியா

லாப ஈவுப் பங்குகள் என்பவை, நிறுவனம் ஈட்டும் லாபத்தில் பெரும்பகுதியை ஆண்டுதோறும் ரொக்கமாகப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பங்குகள். மலேசியாவில் இவை கோலாலம்பூரில் உள்ள புர்சா மலேசியா பங்குச் சந்தையில் கைமாறுகின்றன. ஓய்வு பெற்றவர்களும், சம்பளத்துக்கு மேல் இன்னொரு வருமானம் தேடுபவர்களும் இவற்றில் விலை தாழ்ந்தவற்றைத் தேடி வாங்குகிறார்கள். ஈவு மாறாமல் விலை மட்டும் இறங்கினால் ஈவு விகிதம் தானாகவே உயர்ந்து தெரியும். ஆகவே உயர்ந்த விகிதம் நல்ல பங்கு மலிவாகக் கிடைப்பதையும் காட்டலாம். நிறுவனம் நலிந்து வருவதையும் காட்டலாம். இந்த இரண்டையும் பிரித்தறிவதே இம்முதலீட்டின் உயிர்நாடி. கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கு நிறுவனங்களின் அண்மை வரலாற்றில் இரண்டுக்கும் சான்றுகள் உள்ளன.

கணக்கிடும் முறை

ஒரு பங்குக்கு ஓராண்டில் கிடைத்த ஈவைச் சந்தை விலையால் வகுத்தால் வருவது லாப ஈவு விகிதம். 2 ரிங்கிட் விலையுள்ள பங்கு 10 சென் ஈவு தந்தால் விகிதம் 5 விழுக்காடு. விலை 1.25 ரிங்கிட்டுக்கு இறங்கினால், பழைய ஈவை வைத்துப் பார்க்கும்போது அது 8 விழுக்காடு ஆகிவிடும். அந்த 8 விழுக்காட்டை நம்பி வாங்கியவருக்கு அடுத்த ஆண்டு 5 சென் மட்டுமே கிடைத்தால், உண்மையில் அவர் பெறுவது 4 விழுக்காடு. விலை இறங்குமுன் 2 ரிங்கிட்டுக்கு வாங்கியவரோ போட்ட முதலில் 37.5 விழுக்காட்டையும் இழந்து நிற்கிறார். செய்தித்தாளிலும் கைப்பேசிச் செயலியிலும் காணும் விகிதம் பெரும்பாலும் கடந்த ஆண்டின் ஈவைக் கொண்டு போடப்பட்டது. வாங்குபவருக்குத் தேவைப்படுவதோ வரப்போகும் ஆண்டுகளின் ஈவு.

நிறுவனம் ஈவை அறிவிக்கும்போது எக்ஸ் தேதி ஒன்றையும் குறிப்பிடும். அந்தத் தேதிக்கு முன் வாங்கியவருக்கே ஈவு உரியது. அன்று வாங்குபவருக்குக் கிடையாது. அன்று காலை விலையும் ஏறக்குறைய ஈவின் அளவுக்கு இறங்கித் தொடங்குவது வழக்கம். ஆகவே ஈவுக்காக முதல் நாள் வாங்கி மறுநாள் விற்பதில் ஆதாயம் இல்லை.

2016ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி ஈவை லாபத்திலிருந்து மட்டுமே வழங்கலாம். வழங்கிய பிறகும் அடுத்த 12 மாதக் கடன்களை அடைக்கும் நிலையில் நிறுவனம் இருக்க வேண்டும். ஈவு கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. வட்டியிலிருந்து ஈவு வேறுபடுவது இங்கேதான்.

பின்னணி

1960இல் மலாயாப் பங்குச் சந்தை அமைக்கப்பட்டது. 1973இல் சிங்கப்பூரும் மலேசியாவும் தனித்தனிச் சந்தைகளாகப் பிரிந்தபின் கோலாலம்பூர் பங்குச் சந்தை உருவானது. 2004இல் அது புர்சா மலேசியா என்று பெயர் மாறி, 2005இல் தானும் ஒரு பட்டியலிட்ட நிறுவனமானது. ஒருகாலத்தில் 1,000 பங்குகளாக இருந்த குறைந்தபட்ச வணிக அளவு இப்போது 100 பங்குகள். சிறு சேமிப்பாளர்களுக்குச் சந்தையின் கதவைத் திறந்த மாற்றங்களில் இதுவும் ஒன்று.

மலேசியத் தமிழர்களிடையே பங்கு, ஈவு என்னும் பழக்கத்தைப் பரவலாக்கியது கூட்டுறவு இயக்கம். ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டதால் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்த காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் தவணையில் பங்குப்பணம் செலுத்தித் தோட்டங்களுக்கு உடைமையாளர்களானார்கள். அடுத்த பெரிய முயற்சி, 1982இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தொடக்கிய மைக்கா ஹோல்டிங்ஸ். சுமார் 66,000 பேர் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் போட்ட அந்த நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை. விற்று வெளியேற வழியின்றிப் பலர் பல்லாண்டுகள் காத்திருந்தனர். 2010இல்தான் ஒரு பங்குக்கு 80 சென் என்ற விலையில் அவர்களுக்கு வழி பிறந்தது. எந்த முதலீட்டிலும் நுழைவதற்கு முன்பே வெளியேறும் வழியைக் கேட்க வேண்டும் என்பது இச்சமூகம் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம்.

ஈவு நிலைக்காத சான்றுகள்

*மேக்சிஸ்.* 1938இல் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து, அங்குள்ள விவேகானந்தா தமிழ்ப் பள்ளியில் படித்த ஆனந்த கிருஷ்ணன் உருவாக்கிய தொலைத்தொடர்பு நிறுவனம் இது. 2009 நவம்பரில் 1,120 கோடி ரிங்கிட் திரட்டி மீண்டும் சந்தைக்கு வந்தது. தொடக்க ஆண்டுகளில் ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 40 சென் வழங்கியதால் வருமானம் தேடியவர்கள் விரும்பி வாங்கினார்கள். ஆனால் 2012இல் ஒரு பங்குக்கு அது ஈட்டிய லாபம் 25 சென்னை ஒட்டியே இருந்தது. சம்பாதித்ததற்கு மேல் கொடுக்கும் நிலை நீடிக்கவில்லை. 2015இல் ஈவு 20 சென்னாகக் குறைந்தது. 2013இல் 7 ரிங்கிட்டைத் தாண்டியிருந்த பங்கு, 2024, 2025ஆம் ஆண்டுகளில் பெரும்பாலும் 4 ரிங்கிட்டுக்குக் கீழே விற்றது. லாபத்தையும் ஈவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த எவருக்கும் இந்தக் குறைப்பு முன்பே தெரிந்திருக்கும்.

*பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ (மலேசியா).* லாபத்தில் ஏறக்குறைய முழுவதையும் கொடுத்துவிடும் நிறுவனம் என்று பெயர் பெற்றது. 2015இல் ஒரு பங்குக்கு 3 ரிங்கிட்டுக்கு மேல் ஈவு தந்தது. அந்த ஆண்டு நவம்பரில் சிகரெட் கலால் வரி ஒரேயடியாக உயர்ந்தது. கள்ளச் சிகரெட் சந்தையைப் பிடித்தது. 2017இல் பெட்டாலிங் ஜெயா தொழிற்சாலை மூடப்பட்டது. விலை விழும்போதெல்லாம் முந்தைய ஆண்டின் ஈவைக் கொண்டு கணக்கிட்ட விகிதம் கவர்ச்சியாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டோ ஈவே குறைந்தது. 2020இல் அது 1 ரிங்கிட்டுக்கும் கீழே போனது. ஒரு காலத்தில் 60 ரிங்கிட்டுக்கு மேல் விற்ற பங்கின் விலை அந்த ஆண்டின் பிற்பகுதியில் 15 ரிங்கிட்டைக்கூட எட்டவில்லை.

*டாப் குளோவ்.* கிள்ளான், மேரு வட்டாரத்தில் பெரிய ஆலைகளைக் கொண்ட கையுறை நிறுவனம். கோவிட் காலத்தில் கையுறை விலை பல மடங்கு ஏறியதால், 2021 ஆகஸ்டில் முடிந்த நிதியாண்டில் ஒரு பங்குக்கு 65.1 சென் ஈவு வழங்கியது. அப்போது பங்கு விலை 4 ரிங்கிட் அளவில் இருந்ததால் விகிதம் 16 விழுக்காடு என்று காட்டியது. தடுப்பூசி வந்தது, புதிய ஆலைகள் பெருகின, கையுறை விலை சரிந்தது. 2023ஆம் நிதியாண்டில் நிறுவனம் 90 கோடி ரிங்கிட்டுக்கு மேல் நட்டம் கண்டது, ஈவு நின்றது. உச்ச லாபத்தில் கிடைக்கும் ஈவை ஆண்டு வருமானமாக எண்ணக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மலிவு உண்மையாக இருந்த சான்றுகள்

*மேபேங்க்.* 2020இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அடிப்படை வட்டியை 1.75 விழுக்காட்டுக்குக் குறைத்தது. ஆறு மாதக் கடன் தவணை ஒத்திவைப்பும் நடப்பில் இருந்தது. வங்கிப் பங்குகளை எல்லோரும் விற்றார்கள். அக்டோபர் இறுதியில் மேபேங்க் பங்கு 7 ரிங்கிட்டை ஒட்டி வந்தது. அந்த ஆண்டுக்கு அது கொடுத்தது 52 சென். அதாவது 7 விழுக்காட்டுக்கு மேல். முந்தைய ஆண்டின் 64 சென்னிலிருந்து குறைந்தாலும் ஈவு நிற்கவில்லை. 2021இல் 58 சென், 2023இல் 60 சென், 2024இல் 61 சென் என்று மீண்டது. பங்கு விலையும் 2024இல் 10 ரிங்கிட்டைத் தாண்டியது. வட்டிக் குறைப்பும் கடன் ஒத்திவைப்பும் தற்காலிகமானவை. வங்கியின் மூலதனமோ உறுதியாக இருந்தது. இந்த இரண்டும் அன்றைக்கே அறிக்கைகளில் இருந்த செய்திகள்.

மேபேங்க் 2010 முதல் ஈவு மறுமுதலீட்டுத் திட்டம் ஒன்றை நடத்தி வந்திருக்கிறது. ரொக்கத்துக்குப் பதிலாகப் புதிய பங்குகளைப் பெறலாம். இதனால் மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை பெருகுவதால், ரொக்கமே வாங்கிக்கொண்டிருப்பவரின் உரிமைப் பங்கு சிறிது சிறிதாகக் குறையும். திட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும்போது இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

*வெஸ்ட்போர்ட்ஸ்.* கிள்ளானை அடுத்த பூலாவ் இண்டாவில் உள்ள இத்துறைமுகத்தை வளர்த்தெடுத்தவர், 2023இல் மறைந்த ஜி. ஞானலிங்கம். 2013 அக்டோபரில் 2.50 ரிங்கிட்டுக்குப் பட்டியலானது. லாபத்தில் 75 விழுக்காட்டை ஈவாகத் தருவது அதன் கொள்கை. 2014இல் 11 சென்னை ஒட்டியிருந்த ஈவு, பத்தாண்டுகளில் 20 சென்னை நெருங்கியது. தொடக்க விலையில் வாங்கிப் பொறுத்திருந்தவருக்கு 4.5 விழுக்காடு ஏறக்குறைய 8 ஆக வளர்ந்தது. வாங்கிய நாளில் எந்தப் பட்டியலிலும் இது உயர் ஈவுப் பங்காக முதலிடம் பெற்றிருக்காது.

ரீட்: பிரிக்பீல்ட்ஸ் அருகே இரண்டு வகை

ரீட் எனப்படும் நிலச்சொத்து முதலீட்டு நிதிகள் கட்டடங்களை வைத்து வாடகை வாங்கி, அதை முதலீட்டாளர்களுக்குப் பிரித்துத் தருகின்றன. வருமானத்தில் 90 விழுக்காட்டையாவது பகிர்ந்தால் நிதிக்கு வருமான வரி இல்லை என்பதால், ஏறக்குறைய எல்லாமே பகிரப்படுகிறது.

பிரிக்பீல்ட்ஸின் பழைய ரயில்வே நிலத்தில் எழுந்த கேஎல் சென்ட்ரலில் மெனாரா ஷெல், பிளாட்டினம் சென்ட்ரல் ஆகிய அலுவலகக் கட்டடங்களை வைத்திருப்பது சென்ட்ரல் ரீட். சற்றுத் தள்ளி மிட்வேலி மெகாமால், தி கார்டன்ஸ் மால் ஆகியவற்றைக் கொண்டு 2012இல் பட்டியலானது ஐஜிபி ரீட். முதலாவது அண்மை ஆண்டுகளில் தன் நிகரச் சொத்து மதிப்பைவிடச் சுமார் 30 விழுக்காடு குறைந்த விலையில் விற்று, 8 விழுக்காட்டை ஒட்டி ஈவு காட்டியது. இரண்டாவது சொத்து மதிப்புக்கு மேல் விற்று, சுமார் 5, 6 விழுக்காடு தந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் முதலாவதே மலிவு. ஆனால் கோலாலம்பூரில் அலுவலக இடம் தேவைக்கு மிஞ்சிக் கிடக்கிறது. வாடகையை ஏற்ற முடிவதில்லை. சென்ட்ரல் ரீட்டின் ஆண்டுப் பகிர்வு 8 சென்னுக்கு மேல் இருந்து 6 சென் அளவுக்கு இறங்கியது. ஐஜிபி ரீட்டின் பகிர்வு 2013இல் 7 சென் அளவில் இருந்தது. 2020இல் சரிந்து மீண்டு, 2023இல் 10 சென்னைத் தாண்டியது. சொத்து மதிப்புக்குக் கீழே விற்பது மட்டும் மலிவாகிவிடாது. வாடகையும் நிலைக்க வேண்டும்.

ஆராய வேண்டியவை

முதலில் பத்தாண்டு ஈவுப் பட்டியலைப் பார்க்க வேண்டும். சொத்தை விற்றுக் கொடுத்த சிறப்பு ஈவுகளைக் கழித்துவிட வேண்டும். அடுத்து, லாபத்தில் எத்தனை விழுக்காடு ஈவாகப் போகிறது என்பது. 100ஐத் தாண்டினால் அது நிலைக்காது. மூன்றாவது, ரொக்க ஓட்ட அறிக்கை. கணக்கில் லாபம் இருந்தும் கையில் பணம் இல்லாத நிறுவனம் கடன் வாங்கித்தான் ஈவு தரும். நான்காவது, கடனும் அதைத் திருப்பித் தரவேண்டிய ஆண்டுகளும். கடைசியாக, விலை ஏன் விழுந்தது என்பது. வட்டி விகிதம், சந்தை பீதி போன்றவை கடந்துபோகும். வரிக் கொள்கை, மாறிவிட்ட வாடிக்கை, தேவைக்கு மீறிய உற்பத்தி ஆகியவை எளிதில் போகா. காரணத்தை இரண்டு வரியில் எழுதமுடியாவிட்டால் வாங்காமல் இருப்பதே நல்லது.

இதற்கு வேண்டிய ஆண்டறிக்கைகளும், காலாண்டு முடிந்து இரண்டு மாதத்துக்குள் வெளியாக வேண்டிய கணக்குகளும் புர்சாவின் இணையத்தளத்தில் இலவசம். 2000இல் அமைக்கப்பட்ட சிறுபான்மைப் பங்குதாரர் கண்காணிப்புக் குழு, ஆண்டுக் கூட்டங்களில் எழுப்பும் கேள்விகளை வெளியிடுகிறது. அவற்றைப் படிப்பது நல்ல பயிற்சி.

வரியும் செலவும்

நிறுவனம் வரி கட்டிய பிறகு வழங்கும் ஈவுக்குப் பங்குதாரர் நெடுங்காலம் வரி செலுத்தியதில்லை. 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல், தனிநபரின் ஈவு வருமானம் 1 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 2 விழுக்காடு வரி உண்டு. ரீட் பகிர்வில் தனிநபருக்குப் பல ஆண்டுகள் 10 விழுக்காடு பிடித்துக்கொண்டே கொடுக்கப்பட்டது. அந்தப் பிடித்தத்தில் 6 விழுக்காடு என்று தெரிந்தது கையில் 5.4 தான்.

சிறு தொகையில் தரகுச் செலவு கடிக்கும். 1,000 ரிங்கிட்டுக்கு வாங்கும்போது குறைந்தபட்சத் தரகு 8 ரிங்கிட் என்று கொள்வோம். முத்திரை வரி 1 ரிங்கிட், தீர்வுக் கட்டணம் 30 சென் சேர்ந்து 9.30 ஆகிறது. 5 விழுக்காட்டில் வரும் 50 ரிங்கிட் ஈவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். சேர்த்து வைத்து வாங்குவதே சிக்கனம்.

ஒப்பீடும் எச்சரிக்கையும்

ஊழியர் சேமநிதி வாரியம் 2023க்கு 5.50, 2024க்கு 6.30 விழுக்காடு ஈவு அறிவித்தது. வழக்கமான சேமிப்புக்குக் குறைந்தது 2.5 விழுக்காட்டைச் சட்டம் உறுதி செய்கிறது. அங்கே முதல் குறைவதில்லை. 6 விழுக்காட்டுப் பங்கு ஒன்றுக்காகச் சேமநிதிப் பணத்தை எடுப்பவர், கூடுதல் இடரைக் கூலியில்லாமல் சுமக்கிறார். பங்குகளில் போடுவது அதற்கு மேல் மிஞ்சிய பணமாகவும், வங்கி, துறைமுகம், வாடகை, நுகர்பொருள் என்று பல துறைகளில் பிரிந்ததாகவும் இருக்க வேண்டும்.

"மாதம் 5 விழுக்காடு ஈவு" என்று வாட்ஸ்அப்பில் வரும் திட்டங்கள் லாப ஈவுப் பங்குகள் அல்ல. பட்டியலிட்ட எந்த நிறுவனமும் ஈவுக்கு உத்தரவாதம் தருவதில்லை. 1993இல் அமைந்த பங்குப் பத்திர ஆணையம், உரிமம் இல்லாதவர்களின் எச்சரிக்கைப் பட்டியலைத் தன் இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. பணம் அனுப்புவதற்கு முன் அதில் பெயரைத் தேடுவதும், உரிமம் பெற்ற தரகர் வழியே தன் பெயரிலேயே கணக்குத் திறப்பதும் முதலீட்டாளர் தவறாமல் செய்ய வேண்டியவை.