பதிவு எண் சொல்லும் சொந்தம்

‘ரிலேஷனல் டேட்டாபேஸ்’ என்றதும், டேபிள்களுக்கு இடையே உள்ள உறவால் வந்த பெயர் என்றுதான் நம் நண்பர்கள் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. கணிதத்தில் ‘ரிலேஷன்’ என்பது ஒரு கணம். இங்கே அந்த டேபிளேதான் ரிலேஷன்! பெயர் வைத்தவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டி, பிறகு அமெரிக்காவில் ஐ.பி.எம்.மில் சேர்ந்த கணிதக்காரர்.

அவருக்கு முன்னால் உறவு என்பது சுட்டிதான். சார்லஸ் பாக்மன் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் உருவாக்கிய ஐ.டி.எஸ்.ஸில் ஒரு பதிவு அடுத்த பதிவின் இருப்பிடத்தைக் காட்டும். புரோகிராமர் நூல் பிடித்துக்கொண்டே போகணும். அமைப்பைக் கொஞ்சம் மாற்றினாலும் புரோகிராமைத் திருத்தணும். ஆனாலும் பாக்மனைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்; டூரிங் விருது காட்டுக்கு 1981இல் கிடைத்தது, பாக்மனுக்கோ 1973லேயே கிடைத்துவிட்டது.

1970 ஜூனில் வந்த கட்டுரையில் காட் சொன்னது எளிமையானது: சுட்டியே வேண்டாம், மதிப்பு பொருந்தினால் போதும். நம் கல்லூரிக் கணக்கிலேயே பார்ப்போமே. மாணவர் டேபிளில் பதிவு எண் ஒருவருக்கு ஒன்றுதான். அது பிரைமரி கீ. அதே எண் மார்க் டேபிளிலும் வருகிறது. அங்கே அது ஃபாரின் கீ. எண் பொருந்தினால் சொந்தம், அவ்வளவுதான். ஒரு மாணவருக்குப் பல பாடம், ஒரு பாடத்துக்குப் பல மாணவர்கள். இதை எப்படிக் கட்டுவது? அந்த மார்க் டேபிளேதான் தரகர்! பதிவு எண், பாடக் குறியீடு இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு இரு வீட்டையும் இணைக்கிறது.

ஆனால் மாணவர் டேபிளில் இல்லாத ஒரு எண்ணுக்கு யாராவது மார்க் போட்டுவிட்டால்? அந்த வரி அநாதை. அதைத் தடுக்கும் வழி 1986இல் வந்த முதல் எஸ்.க்யூ.எல். தரத்தில் இல்லை, 1989 பதிப்பில்தான் சேர்ந்தது. காட்டின் கட்டுரைக்குப் பிறகு பத்தொன்பது வருஷம்! அதுவரை பெரும்பாலும் புரோகிராமர்தான் காவல்காரர். மை எஸ்.க்யூ.எல்.லில் 2010 வரை இயல்பாக இருந்த மை ஐசாம், ஃபாரின் கீ என்று எழுதினால் வாயே திறக்காமல் வாங்கிக்கொண்டு கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். இதைவிடப் பிழை காட்டுவதே மேல் என்பேன்.

இன்று படிக்கிற தம்பி தங்கைகள் செல்போன் செயலிக்கு எஸ்.க்யூ.லைட் எடுப்பீர்கள். அதிலும் இந்தக் காவல் பொதுவாக அணைந்தேதான் இருக்கும். ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் நாமே அதை இயக்கணும்.