உதிரிகளின் வரலாறு: ரிச்சி தெருவிலிருந்து கேளம்பாக்கம் வரை

கல்வெட்டும் செப்பேடும் பேசும் இடத்தில் கணினி உதிரிபாகங்களுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இருபது, முப்பது ஆண்டுகளுக்குள் நடந்தது என்பதாலேயே ஒன்று வரலாறு இல்லையென்று ஆகிவிடாது. மேலும், இணையத்தில் தமிழ் வளர்ந்த கதையை எழுதுவோர் எழுத்துருக்களையும் மாநாடுகளையும் குறிக்கிறார்களே தவிர, அத்தமிழ் எந்தப் பெட்டியில் தட்டச்சிடப்பட்டது என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அப்பெட்டிகளில் கணிசமானவை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டப்பட்டவை. வீட்டுப் பிள்ளைகள் விளையாடுவதற்கென்று மல்லுக்கட்டி வாங்கியவை.

1981இல் ஐபிஎம் நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டபோது, செயலியை இன்டெலிடமிருந்தும் இயக்கு தளத்தை மைக்ரோசாஃப்டிடமிருந்தும் வாங்கிக்கொண்டது. தொழில்நுட்பக் கையேட்டையும் வெளிப்படையாக அச்சிட்டது. அதன் விளைவைச் சொல்லவேண்டியதில்லை. காம்பாக் முதலான நிறுவனங்கள் அதற்கிணையான கணினிகளைச் செய்தன. பிறகு யார் வேண்டுமானாலும் பாகங்களைச் சேர்க்கலாம் என்ற நிலை வந்தது. இந்தியாவிலோ 1978இலேயே ஐபிஎம் வெளியேறியிருந்தது. 1984 நவம்பரில் வந்த புதிய கணினிக் கொள்கை இறக்குமதிக்கு வழி திறந்தது. 1997இல் உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் இந்தியா சேர்ந்ததன் பயனாக, கணினிப் பாகங்களின் சுங்கவரி படிப்படியாக இறங்கி 2005இல் சுழியமானது. நடுத்தரக் குடும்பங்கள் அசெம்பிள் கணினி வாங்கிய காலமும் இதுவே என்பது தற்செயலன்று.

அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பினால் ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு ஆகியவற்றையும் சேர்த்தே அப்பெயரால் வழங்குவர். வானொலி, ஒலிபெருக்கி உதிரிகளின் சந்தையாக இருந்து, தொண்ணூறுகளில் கணினிக்கு மாறிய தெரு இது. தில்லி நேரு பிளேசுக்கு அடுத்த பெரிய மின்னணுச் சந்தை என்று இதனைச் சொல்வதுண்டு. ஒரு கடையில் கொட்டேஷன் வாங்கி, அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த கடையில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்வது அங்கு மரபு. கடைக்காரருக்கும் அது தெரியும், நமக்கும் தெரியும்.

கேளம்பாக்கத்திலிருந்து அத்தெரு முப்பது கிலோமீட்டருக்கும் மேல். பழைய மகாபலிபுரம் சாலை அப்போது ஆறு வழிச் சாலையாகவில்லை. சைதாப்பேட்டை வரை 19பி பேருந்து, அங்கிருந்து இன்னொன்று. திரும்பும்போது மடியில் ஒரு பெட்டி. பதினைந்து கிலோ எடையுள்ள குழாய்த் திரைக்கோ ஆட்டோதான் வழி. சிறுசேரியில் மென்பொருள் வளாகங்கள் எழுந்த பிறகும், அவ்வளாகங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒரு நினைவகச் சில்லு வாங்க மவுண்ட் ரோடுதான் போகவேண்டியிருந்தது என்பதை நகைமுரண் என்றுதான் சொல்லவேண்டும்.

பாகங்களைத் தேர்ந்தெடுப்பதை ஒரு கலையாக்கியவை விளையாட்டுகளே. கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் எந்தக் கணினியும் போதும். 1993 திசம்பரில் வெளியான டூம், செயலியின் விரைவை மட்டும் நம்பியிருந்தது. 1996இல் குவேக்கும் அதே ஆண்டு வூடூ முப்பரிமாண அட்டையும் வந்தபின் கணக்கு மாறியது. செயலிக்கு எவ்வளவு, வரைகலை அட்டைக்கு எவ்வளவு என்று கைப்பணத்தைப் பங்கிடும் சிக்கல் அப்போது பிறந்து, இன்றளவும் தீரவில்லை.

அச்சிக்கலுக்கு வரலாறு கண்ட மிக அழகிய விடை, 1998 ஆகத்து மாதம் வந்த செலரான் 300ஏ. விலை 149 டாலர். அதே நாளில் வெளியான பென்டியம் 2 (450 மெகாஹெர்ட்ஸ்) 669 டாலர். செலரானின் உள்ளே 128 கிலோபைட் இடைமாற்று நினைவகம். பென்டியத்தில் இருந்ததில் காற்பங்குதான். ஆனால் பென்டியத்தின் இடைநினைவகம் செயலியின் பாதி விரைவில்தான் ஓடியது. செலரானுடையதோ முழு விரைவில். தாய்ப்பலகையின் பாட்டை விரைவை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்திவிட்டால், 300இல் ஓடவேண்டிய செயலி பல வேளைகளில் 450இல் அலட்டிக்கொள்ளாமல் ஓடியது. அபிட் நிறுவனத்தின் பிஎச்6 பலகையில் இதற்கு முள்கம்பிகளைத் தொடவே வேண்டாம். திரையில் தெரியும் பட்டியலிலேயே மாற்றலாம். ஏழைக்கு இப்படியொரு வாய்ப்பை அந்நிறுவனம் மனமுவந்து தந்ததா என்றால், இல்லை. விலைப் படிநிலைக்காகப் பெருக்கு எண்ணைப் பூட்டியவர்கள் பாட்டையைப் பூட்ட மறந்தார்கள், அவ்வளவே.

இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. 2003ஐ ஒட்டிய ஆண்டுகளில் பென்டியம் 4 கணினிகளோடு நம்மூரில் பெருவாரியாக விற்றவை 845 ஜிவி சில்லுத்தொகுதி கொண்ட தாய்ப்பலகைகள். வரைகலை உள்ளேயே இருந்தது, விலையும் குறைவு. ஆனால் அதில் ஏஜிபி செருகுவாய் கிடையாது. பெயரில் ஓர் எழுத்து குறைந்த 845 ஜி பலகையில் உண்டு. வாங்கும் நாளில் அது யார் கண்ணிலும் படாது. வைஸ் சிட்டி ஆடத் தொடங்கி, படம் நகரத் திணறி, அடுத்த பொங்கலுக்கு ஓர் அட்டை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று பெட்டியைத் திறக்கும் நாளில்தான் செருகும் இடமே இல்லையென்று தெரியும். படிப்புக்கென்று கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கித் தந்தையார் வாங்கிக்கொடுத்த பெட்டி அது. மீண்டும் கேட்க வாய் வராது. ஓர் எழுத்தில் சேமித்த சில நூறு ரூபாய் அக்கணினியின் ஆயுளை நிர்ணயித்துவிட்டது.

மின்வழங்கியைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். கொட்டேஷன் தாளில் எஸ்.எம்.பி.எஸ் எப்போதும் கடைசி வரிதான். பேரத்தில் முதலில் அடிபடுவதும் அதுவே. மலிவான பெட்டியின் மேல் 450 வாட் என்று ஒட்டியிருப்பதும் உள்ளே உண்மையில் கிடைப்பதும் வேறு வேறு. எடையைத் தூக்கிப் பார்த்தே தேர்ந்தவர்கள் சொல்லிவிடுவர். 2012இல் சென்னையிலேயே அறிவிக்கப்பட்ட மின்வெட்டு நாளொன்றுக்கு 2 மணி நேரம். வெளி மாவட்டங்களில் அதனினும் நெடிது. மின்சாரம் போவதைவிடத் திரும்பி வரும் கணம் பொல்லாதது. அதில் எரிந்த மின்வழங்கி சில வேளை தாய்ப்பலகையையும் உடன் அழைத்துச் சென்றது.

கேளம்பாக்கத்தில் இதனுடன் இன்னொரு பகையும் உண்டு: உப்பு. ஊருக்கும் கோவளத்துக்கும் இடையே உப்பளங்கள், கிழக்கே கடல். பெட்டியின் திருகுகள் முதலில் துருப்பிடிக்கும். அடுத்து நினைவகத்தின் முனைகள் மங்கும். திடீரென்று கணினி உயிர் பெறாமல் கூவினால், நினைவகத்தைக் கழற்றி அழிப்பானால் முனைகளைத் தேய்த்துத் திரும்பச் செருகுவது இப்பகுதியின் கைவைத்தியம். பெரும்பாலும் பலிக்கும்.

இனித் தமிழுக்கு வருவோம். விண்டோஸ் 98இல் திஸ்கி எழுத்துருவை நிறுவித்தான் தமிழ் படிக்கலாம், ஆளுக்கொரு குறிமுறை. ஒருங்குறித் தமிழ் முறையாக வந்தது விண்டோஸ் 2000இலும் எக்ஸ்பியிலுந்தான். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைத்த நினைவகம் 128 மெகாபைட். அலுவலகப் பழைய பெட்டிகள் பலவற்றுக்கு அது எட்டாது. விளையாட்டுக்கென்று 256 மெகாபைட் போட்டுக்கொண்ட வீட்டிலோ எக்ஸ்பி இலகுவாக ஓடியது. குறுந்தகட்டிலிருந்து சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை ஏற்றினால் லதா எழுத்துரு தெரியும், இ-கலப்பையால் எழுதலாம். மகன் உறங்கியபின் அதே கணினியில் தாயோ தந்தையோ வலைப்பதிவு எழுதினர். இதற்குக் கணக்கெடுப்பு ஏதுமில்லை. ஆயினும் அக்காலத்தில் எழுதவந்த எங்கள் நண்பர்கள் பலருடைய கதை இதுதான்.

பிற்காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2018 பிப்ரவரியில் வந்த ரைசன் 3 2200ஜி, தனி அட்டை இல்லாமலே சுமாராக விளையாட வைத்தது. அதன் ஏஎம்4 பீடம் 845 ஜிவியின் மறுதலை: 2017இல் வாங்கிய பலகைகள் பலவற்றில் மென்பொருளைப் புதுப்பித்தால், 2020இன் செயலியையும் பொருத்த முடிந்தது. இடையில் 2021இல் மறையீட்டு நாணயம் தோண்டுவோர் வரைகலை அட்டைகளை அள்ளிச்சென்றனர். 2022 செப்டம்பரில் எத்திரியம் முறைமாறியதும் அவ்வட்டைகள் பழைய பொருளாகச் சந்தைக்குத் திரும்பின. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் நினைவகத்தின் விலை ஏறியது.

ஆகவே இன்று குறைந்த செலவில் பெட்டி கட்டுவோர் நினைவகத்தின் விலையை முதலில் கேட்டுக்கொண்டு பிறவற்றைத் திட்டமிடுவது நலம். மின்வழங்கியில் பேரம் வேண்டாம். நினைவகத்துக்கு இரண்டு செருகுவாய்கள் மட்டுமே உள்ள பலகையானால், ஒன்றையாவது காலியாக வைக்கலாமா என்று எண்ணிப் பார்க்கவேண்டும். இரட்டைத் துண்டின் விரைவு போகும், ஆனால் வளர இடமிருக்கும். பழைய வரைகலை அட்டை வாங்குவதானால் விசிறியைச் சுழற்றிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், பின்புறத் தகட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே துரு படர்ந்திருந்தால், அது நம் கரையோரத்தில் யார் வீட்டிலோ சன்னலருகே சில ஆண்டுகள் இருந்த அட்டை.